மறைவுலகுக்கு வரைபடம்: பாத்திரமேற்பு விளையாட்டின் இருப்புத் தளங்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

கற்பனை உலகமொன்றை ஆக்க முனைபவர் அதன் மலைகளையும் ஆறுகளையும் நகரங்களையும் வகுத்து முடித்ததும், அவ்வுலகுக்கு அப்பால் இருப்பது யாது என்ற வினாவை எதிர்கொள்கின்றார். காவிய ஆசிரியர் அவ்வினாவைத் தாம் விரும்பிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பாத்திரமேற்பு விளையாட்டுக்கென உலகம் சமைப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரு மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அது செய்வதை வாயால் சொல்லியும், ஐயத்துக்குரிய இடங்களில் பகடை உருட்டியும் கதையை நகர்த்துவதே இவ்விளையாட்டாகும். அவர்களுள் ஒருவர் நடத்துநர். மற்றவர்கள் கேட்பர், அவர் விடை சொல்வார். 'இக்கதவுக்கு அப்பால் என்ன இருக்கின்றது?' என்று ஒருவர் கேட்டுவிட்டால் அங்கே ஏதேனும் இருந்தாக வேண்டும். வானத்துக்கு அப்பால், மரணத்துக்கு அப்பால் என்று கேட்டாலும் நிலை அதுவே.

இவ்விளையாட்டுக்களின் தாயாகக் கருதப்படுவது, 1974இல் ஐக்கிய அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரின் பெயரில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆகும். அதன் 'அப்பால்' உலகங்கள் இருப்புத் தளங்கள் எனப்படுகின்றன. இத்தளங்களைப் பற்றி இஸ்லாமியப் பண்பாட்டுச் சஞ்சிகையொன்றில் எழுத வேண்டிய தேவை என்ன என்று வாசகர் கேட்கலாம். அத்தளங்களில் குடியிருப்போரின் பெயர்ப்பட்டியலே அதற்கு விடையாகும். ஜின், இஃப்ரீத், மாரித், ஜஹன்னம், மதீனத்துந் நுஹாஸ் எனும் பித்தளை நகரம் ஆகிய அனைத்தும் அங்கே உண்டு. நம் வீட்டுப் பொருட்கள் வேறொருவர் வீட்டில் வேறொரு பயன்பாட்டில் இருக்கக் காண்கின்றோம். இதற்கு இரு எளிய எதிர்வினைகள் உள்ளன. ஒன்று, இவை யாவும் ஷிர்க்கின் வாயில்கள் எனக் கூறி முடித்துவிடுவது. மற்றையது, சிறுவர் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுவது. இரண்டுக்குமே அந்நூல்களை வாசிக்க வேண்டிய அவசியம் ஏற்படுவதில்லை. இக்கட்டுரை அவற்றை வாசிக்க முயல்கின்றது.

1977 ஜூலையில் வெளியான 'தி டிராகன்' சஞ்சிகையின் 8ஆம் இதழில் கைகாக்ஸ் தளங்களின் அமைப்பை முதன்முதலாக ஒழுங்குபடுத்தி எழுதினார். 1978இல் வந்த விளையாடுவோர் கைந்நூலின் பின்னிணைப்பில் அது நிலைபெற்றது. பின்னாளில் இவ்வமைப்புக்குப் 'பெருஞ்சக்கரம்' என்ற பெயர் வழங்கலாயிற்று. நடுவில் மனிதர் வாழும் உலகம். அதனைச் சூழ நெருப்பு, நீர், காற்று, மண் எனும் நான்கு பூதங்களின் தளங்கள். இவற்றோடு ஆக்க ஆற்றல், அழிவாற்றல் என இரண்டு. மிகத் தொலைவில் சக்கரத்தின் விளிம்பாக 16 புறத்தளங்கள். இவ்விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் ஒழுக்கநிலை உண்டு. ஒழுங்கு, குழப்பம் என்பது ஓர் அச்சு. நன்மை, தீமை என்பது மற்றோர் அச்சு. நடுநிலைகளையும் சேர்த்தால் 9 கட்டங்கள். புறத்தளங்கள் இக்கட்டங்களிலிருந்தும் அவற்றின் இடைவெளிகளிலிருந்தும் பிறந்தவையாகும். அட்டவணை முதலில் வரையப்பட்டு, பின்னர் அதன் கட்டங்களை நிரப்பச் சமயங்களின் சொற்களஞ்சியம் திறக்கப்பட்டிருக்கின்றது.

நிரப்பப்பட்ட முறையைக் கவனிப்பது பயனுடையது. நூற்கட்டளை போன்ற முழு ஒழுங்குக்குரிய கட்டத்துக்கு 'நிர்வாணா' என்று பெயரிட்டார்கள். ஆசையின் தளை அவிழ்வதைக் குறித்த ஒரு சொல், பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கவ்விச் சுழலும் பேரியந்திரத்தின் பெயராயிற்று. (பின்னர் இது 'மெக்கானஸ்' எனத் திருத்தப்பட்டது, திருத்தியவருக்குக் கூச்சம் ஏற்பட்டிருக்க வேண்டும்.) ஜஹன்னம் என்ற சொல்லின் உடன்பிறப்பான 'கெஹன்னா' ஒரு கட்டத்தைப் பெற்றுக்கொண்டு, கிரேக்கரின் ஹேடீஸுக்கு அயல்வீடாக அமர்ந்தது. 1980இல் தெய்வங்களுக்கென்றே ஒரு நூல் வந்தது. இஸ்லாம், கிறிஸ்தவம், யூதம் ஆகியவற்றை அந்நூல் தொடவில்லை. ஆனால், இன்றும் கோடிக்கணக்கானோர் வழிபடும் இந்தியத் தெய்வங்களுக்குக் கிரேக்க, நோர்ஸ் தெய்வங்களோடு சேர்த்து உயிர்ப்புள்ளிகள் கணக்கிட்டு வழங்கப்பட்டன. நம்மை விட்டுவிட்டார்கள் என்று மகிழ இதில் எதுவுமில்லை. பிறர் அழைத்துப் பிரார்த்திப்பவற்றை ஏசாதிருக்குமாறு நமக்குக் கட்டளையிடப்பட்டிருக்கின்றது (6:108).

1987இல் ஜெஃப் க்ரப் எழுதிய 'மேனுவல் ஆஃப் த பிளேன்ஸ்' இவ்வமைப்பை ஒரு முழு நூலாக விரித்தது. நெருப்புத் தளத்தில் மனிதன் எவ்வாறு சுவாசிப்பான், எத்திசை கீழ்த்திசை, எந்த மந்திரம் அங்கே பலிக்காது என்றெல்லாம் அவர் பொறுமையோடு விளக்குகின்றார். 2001இல் அதே பெயரில் வந்த மற்றொரு நூல் இதனை மேலும் முறைப்படுத்தி, ஈர்ப்பு, காலம், பரப்பு, மாறுந்தன்மை, பூத ஆதிக்கம், ஒழுக்கச் சார்பு, மந்திர இயல்பு ஆகிய பண்புகளை மாற்றி மாற்றி அமைத்து யாரும் தமக்கென ஒரு தளத்தை ஆக்கிக்கொள்ளலாம் எனக் கற்பித்தது. கைவினை நூல் என்ற வகையில் இது சிறந்தது. ஆனால், ஒரு குறை உடனே தென்படுகின்றது. எல்லையற்ற நெருப்பு, எல்லையற்ற நீர் என்ற தளங்களில் செய்வதற்கு ஏதுமில்லை. அங்கு செல்பவன் வேகாமல் இருக்கும் வழியைத் தேடுவான். தேடி முடித்ததும் திரும்பிவிடுவான். 2008இல் வந்த நான்காம் பதிப்பு பெருஞ்சக்கரத்தையே கைவிட்டு, பூதத் தளங்களை ஒரே கொந்தளிப்பாகக் கலந்தது. 2014இன் ஐந்தாம் பதிப்பு சக்கரத்தை மீட்டெடுத்தபோது, பூதத் தளங்களின் மனித உலகை அண்டிய எல்லைப் பகுதிகளை வாழத்தக்கனவாக மாற்றியது. முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவத்தின் பின்னர் வடிவமைப்பாளர் எல்லைப்புறத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றனர்.

ஜின்களின் விடயத்தில் இவ்வட்டவணை செய்திருப்பது தனியே நோக்கத்தக்கது. இவ்விளையாட்டில் ஜின் என்பது காற்றின் இனம். இஃப்ரீத் நெருப்பின் இனம். மாரித் நீரின் இனம். மண்ணுக்கு 'டாவோ' என்றோர் இனம். நான்கும் கலந்தது 'ஜான்'. அல்குர்ஆனோ ஜின் இனம் முழுவதும் நெருப்பிலிருந்து படைக்கப்பட்டதாகக் கூறுகின்றது (15:27, 55:15). பூதத்துக்கோர் ஆவியினம் என்ற பகுப்பு நம் மரபினுடையதன்று. காற்றுக்கு சில்ஃப், நெருப்புக்கு சலமாந்தர், நீருக்கு உந்தினா, மண்ணுக்கு நோம் என வகுத்தவர் 1541இல் மறைந்த மருத்துவர் பராசெல்சஸ். அது பற்றிய அவரது நூல் 1566இல் அச்சேறியது. அவருடைய நான்கு நாற்காலிகளில் அரபுப் பெயர்கள் அமர்த்தப்பட்டுள்ளன. அல்குர்ஆனில் இஃப்ரீத் என்ற சொல் வரும் ஒரே இடத்தில் (27:39) அவன் சுலைமான் (அலை) அவர்களின் அவையில், தன் ஆற்றலையும் நம்பகத்தையும் எடுத்துரைத்துப் பணிக்கு முன்வரும் ஒருவனாக நிற்கின்றான். அடுத்த வசனத்திலேயே வேத அறிவுடைய ஒருவர் அவனை விஞ்சிவிடுகின்றார்.

தவறான பகுப்பு என்பது மட்டுமே எனது முறைப்பாடாயின் அது அற்பமானது. கற்பனைக்கு அகராதியின் அனுமதி தேவையில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. ஜின்களுக்குத் தனித் தளம் கொடுத்ததன் மூலம் அவர்கள் நம்மிடமிருந்து தொலைவாக்கப்பட்டுள்ளனர். 'ஜ-ந-ந' என்ற அரபு வேர்ச்சொல் மறைத்தலைக் குறிப்பது. நம் மரபில் ஜின்கள் மறைந்திருக்கின்றார்கள், தொலைவில் இல்லை. இதே பூமியில் உண்டு, மணந்து, பிள்ளை பெற்று, இறந்து, விசாரணைக்கு எழுப்பப்படுகின்றவர்கள் அவர்கள். ஸூரத்துல் ஜின்னில் அவர்களுள் ஒரு கூட்டத்தினர் குர்ஆனைச் செவிமடுத்து ஈமான் கொள்கின்றனர். தம்முள் நல்லோரும் அல்லாதோரும் உளர் என்று அவர்களே கூறுகின்றனர். இனத்தைக் கொண்டு ஒழுக்கநிலையை முடிவு செய்யும் அட்டவணைக்கு இந்த ஓர் இடமே போதிய மறுப்பாகும்.

இப்னு மஸ்ஊத் (ரழி) அறிவிக்கும், ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஹதீஸ் ஒன்றில், அல்லாஹ்வின் பெயர் கூறப்பட்ட எலும்பு ஜின்களின் கையில் இறைச்சி நிறைந்ததாகின்றது என்றும், சாணம் அவர்களது கால்நடைகளுக்குத் தீனியாகின்றது என்றும், ஆகவே அவற்றைக் கொண்டு சுத்தம் செய்யலாகாது என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்பிக்கின்றார்கள். உலக வடிவமைப்புக் கலையில் ஈடுபாடுடையோர் இதனை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். நாம் உண்டு எறிந்த எலும்பில் இரண்டு உலகங்கள் சந்திக்கின்றன. ஒன்றின் மீதி மற்றொன்றின் உணவு. அதனால் ஒன்றின் மீது மற்றொன்றுக்கு உரிமை. அவ்வுரிமையால் ஓர் ஒழுக்கவிதி. ஹனஃபி சட்ட அறிஞரும் காழியுமான பத்ருத்தீன் அஷ்ஷிப்லி (மறைவு 1367) 'ஆகாமுல் மர்ஜான்' என்ற தமது நூலில், மனிதருக்கும் ஜின்னுக்கும் இடையே திருமணம் செல்லுமா, ஜின்னைப் பின்பற்றித் தொழலாமா என்பன போன்ற வினாக்களை எழுப்பிச் சட்ட நுணுக்கத்தோடு ஆராய்கின்றார். நகைப்புக்கிடமாகச் சிலருக்கு இது தோன்றலாம். எனக்கோ, ஈர்ப்பு விசையின் அளவைப் பதிவு செய்யும் 2001ஆம் ஆண்டு நூலைவிட ஷிப்லியின் நூல் மறுவுலகத்தவரை மெய்யாகவே நம் முன் நிறுத்துவதாகத் தோன்றுகின்றது. அயலவருக்கு நான் என்ன கடமைப்பட்டுள்ளேன் என்று கேட்ட பிறகே அயலவர் என்ற ஒருவர் இருக்கின்றார்.

இனி பித்தளை நகரத்துக்கு வருவோம். 1979இல் வெளிவந்த நடத்துநர் கைந்நூலின் முன்னட்டையில் செந்நிற இஃப்ரீத் ஒருவன் பேருருவில் நிற்கின்றான். பின்னட்டையில் நெருப்பின் நடுவே பித்தளை நகரம் மிதக்கின்றது. ஓவியர் டேவிட் சதர்லண்ட். இந்நகரம் இஃப்ரீத்களின் தலைநகர். சுல்தான் ஒருவனின் ஆட்சி, அடிமை வாணிபம், எதையும் விலைக்கு வாங்கக்கூடிய சந்தை ஆகியவற்றுக்குப் பெயர்பெற்றது. கீழைத்தேயத்தை மேற்கு எவ்வாறு தனக்கென உருவாக்கிக்கொண்டது என்பதை ஆராய்ந்த எட்வர்ட் சயீதின் 'ஓரியண்டலிசம்' இதற்கு ஓராண்டு முன்னர்தான் வெளியாகியிருந்தது. அந்நூலின் வாதத்தை இங்கே மீளச் சொல்வது எளிது. சொன்னால் கட்டுரை அங்கேயே முடிந்துவிடும். மூலக் கதையை நோக்குவது பயன் தரும்.

'ஆயிரத்தோர் இரவுகள்' தொகுப்பில் வரும் மதீனத்துந் நுஹாஸ் கதை, உமையா கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வானின் (ஆட்சி 685–705) அவையில் தொடங்குகின்றது. சுலைமான் (அலை) ஜின்களை அடைத்து முத்திரையிட்ட குடுவைகளைக் காண கலீஃபா ஆவலுறுகின்றார். மேற்கின் ஆளுநர் மூஸா இப்னு நுஸைர், தாலிப் இப்னு ஸஹ்ல், முதிய வழிகாட்டி அப்துஸ் ஸமத் ஆகியோர் புறப்படுகின்றனர். வழியில் கருந்தூண் ஒன்றில் அக்குள் வரை புதையுண்ட இஃப்ரீத் ஒருவனைச் சந்திக்கின்றனர். இறுதியில் வாயில் தென்படாத மதிலையுடைய நகரை அடைகின்றனர். மதில் ஏறியவர்கள் ஒவ்வொருவராக உள்ளே எதையோ கண்டு களித்துப் பாய்ந்து மடிகின்றனர். அப்துஸ் ஸமத் மட்டும் இறைவசனங்களை ஓதி அந்த மாயத்தைக் கடந்து கதவைத் திறக்கின்றார். உள்ளே கடைகள் நிறைந்திருக்கின்றன, கடைக்காரர்கள் இறந்திருக்கின்றனர். பட்டும் முத்தும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஏழாண்டு வறட்சியில் முத்தை அளந்து கொடுத்தும் உணவு கிடைக்காமல் அம்மக்கள் மாண்டதை ஒரு பலகை கூறுகின்றது. கட்டிலில் கிடக்கும் அரசியின் கண்கள் உயிருள்ளவை போல் மின்னுகின்றன. அவற்றில் பாதரசம் இடப்பட்டிருக்கின்றது. வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், என் உடலில் உள்ளதைத் தொடாதீர்கள் என்ற எழுத்துச் செய்தியை மீறி அவளது அணிகளில் கைவைத்த தாலிபின் தலையைக் காவற்பாவை வெட்டிவிடுகின்றது.

சந்தை முழுவதும் இருந்தும் விற்பனை இல்லாத நகரம் இது. கைகாக்ஸும் அவருக்குப் பின் வந்தோரும் இதே நகரை எடுத்து, பிணங்களை அகற்றி, கடைகளைத் திறந்துவிட்டனர். 'இப்ரத்' எனும் படிப்பினைக்காகக் கட்டப்பட்ட இடம் கொள்முதலுக்கான இடமாயிற்று. விளையாட்டின் நோக்கிலும் இது நட்டமே. மூலக் கதையில் மதில், மாயம், பலகை, பாவை ஆகிய ஒவ்வொன்றும் வருபவனைச் சோதிக்கின்றது. அவன் எத்தகையவன் என்பது அங்கே வெளிப்படுகின்றது. மாற்றப்பட்ட நகரிலோ அவனது பணப்பை மட்டுமே சோதிக்கப்படுகின்றது.

க்ரப்பின் மீது நியாயமாக இருக்க வேண்டும். 1992இல் அவர் 'அல்-காதிம்' என்ற தொடருக்காக எழுதிய 'அரேபியன் அட்வென்ச்சர்ஸ்' விருந்தோம்பலையும் மானத்தையும் வாக்குத் தவறாமையையும் மதித்து எழுதப்பட்ட நூலாகும். ஜகாரா என்னும் அந்நிலத்தில் நாயகர்கள் அந்நாட்டவரே. மேற்கிலிருந்து வந்த வெள்ளைப் பயணியின் கண் வழியே எதுவும் காட்டப்படவில்லை. எனினும் அங்கே இறைவனின் இடத்தில் விதி நிற்கின்றது. அதற்குக் கீழே பல தெய்வங்கள். இஸ்லாத்தைத் தொட்டுவிடாதிருக்க எடுத்த எச்சரிக்கை என இதனைப் புரிந்துகொள்ளலாம். ஆயினும், தவ்ஹீதை அகற்றிவிட்டு அதன் மீது கட்டப்பட்ட மாளிகையின் மாடங்களை மட்டும் நிறுத்தி வைப்பது இலகுவன்று. கத்ரின் மீதான நம்பிக்கையில் மனிதன் பேசுவதற்கும் மன்றாடுவதற்கும் எதிரே ஒருவன் இருக்கின்றான். ஜகாராவின் விதியிடம் எவரும் துஆ கேட்க இயலாது.

மாற்று வழி நம்மிடம் உண்டா என்ற கேள்வி எழும். இப்னு அரபி (1165–1240) 'அல்ஃபுதூஹாத்துல் மக்கிய்யா'வின் எட்டாம் அத்தியாயத்தில் வேறோர் உலகை விவரிக்கின்றார். ஆதம் (அலை) படைக்கப்பட்ட களிமண்ணில் மீதியிருந்ததைக் கொண்டு பேரீச்ச மரம் படைக்கப்பட்டது. அதிலும் எள்ளளவு எஞ்சியது. அந்த எள்ளளவிலிருந்து அல்லாஹ் ஒரு பெருநிலத்தை விரித்தான். வானங்களும் பூமிகளும் அர்ஷும் அதனுள் வைக்கப்படின் பாலைவெளியில் கிடக்கும் மோதிரம் போலாகும் என்பது அவர் சொல்லும் செய்தியின் சாரம். அங்கே பொன்னாலான நிலம், வெள்ளியாலான நிலம், கற்பூர நிலம், குங்குமப்பூ நிலம் எனப் பல உள்ளன. ஆரிஃபீன்கள் தம் உடலை இவ்வுலகில் விட்டுவிட்டே அங்கு நுழைய முடியும். நுழைவாயிலில் ஒருவர் எதிர்வந்து, வருபவரின் தகுதிக்கேற்ற ஆடையை அணிவிக்கின்றார். ஒரு நிலத்தின் மண் எத்தகையது, வாயிலில் நிற்பவர் யார், எதை விட்டுச்செல்ல வேண்டும், எதைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பன அனைத்துக்கும் இங்கே விடை உண்டு. அதைவிட முக்கியமாக, அந்நிலம் நமக்கு உறவு. நம் தந்தையின் மண்ணில் எஞ்சியது அது. அட்டவணையின் கட்டத்துக்கு இத்தகைய வம்சாவளி ஏது? இதனை அகீதா நூலாக வாசிக்க வேண்டும் என்று யாரையும் நான் கேட்கவில்லை. ஷெய்கின் இக்கூற்றுக்கள் பற்றி உலமாக்களிடையே நீண்ட கருத்து வேறுபாடு உண்டு. ஆக்க நுட்பத்தைக் கற்க அது தடையாகாது.

பஸராவின் இஃக்வானுஸ் ஸஃபா குழுவினர் பத்தாம் நூற்றாண்டில் எழுதிய 22ஆம் நிருபமும் இங்கு நினைவுக்கு வருகின்றது. புயலில் சிக்கிய கப்பலொன்று மனிதர்களை ஜின்களின் அரசன் ஆளும் தீவில் ஒதுக்குகின்றது. அவர்கள் அங்குள்ள விலங்குகளைப் பிடித்து வேலை வாங்க முற்படுகின்றனர். விலங்குகள் ஜின் அரசனிடம் முறையிட, மனிதன் பிரதிவாதியாகின்றான். பிற தளத்துக்குச் சென்ற மனிதன் அங்கே பார்வையாளனாக இருக்கவில்லை. தன் மேலாண்மைக்கு ஆதாரம் காட்டுமாறு கேட்கப்படுகின்றான்.

விளையாட்டு மரபினுள் இதனை நெருங்கி வந்த படைப்பு, 1994இல் டேவிட் 'ஸெப்' குக் ஆக்கிய 'பிளேன்ஸ்கேப்' ஆகும். அதே பெருஞ்சக்கரம்தான், ஆனால் நடுவில் சிகில் என்ற நகரை அவர் வைத்தார். அந்நகரின் எந்த வளைவும் எந்தக் கதவும் வேறொரு தளத்துக்கு வாயிலாகலாம். ஒவ்வொரு வாயிலுக்கும் ஒரு திறவுகோல் வேண்டும். அது ஒரு பொருளாகவோ, சொல்லாகவோ, எண்ணமாகவோ இருக்கலாம். கவனம் தளங்களிலிருந்து வாயில்களுக்கு நகர்ந்தது. 1999இல் இதனை அடியொற்றி வந்த 'பிளேன்ஸ்கேப்: டோர்மென்ட்' என்ற கணினி விளையாட்டு இன்னும் ஆழமானது. அதன் நாயகனால் சாக முடியாது; ஒவ்வொரு முறையும் நினைவிழந்து எழுகின்றான். அவன் சாகும் ஒவ்வொரு முறையும் அவனுக்குப் பதிலாக யாரோ ஒருவர் இறந்திருக்கின்றார். அந்நிழல்கள் அவனைத் தேடி வருகின்றன. முன்பு தான் செய்து மறந்துவிட்டவற்றை ஒவ்வொன்றாகச் சந்தித்து, இறுதியில் உரிய தண்டனைத் தளத்துக்குத் தானே செல்கின்றான். தீமையின் தளம் அங்கே முதன்முறையாக ஒரு கணக்கின் முடிவாக வருகின்றது. ஹிஸாப் என்ற சொல்லை அறியாத எழுத்தாளர்கள் அதன் வாசலைத் தட்டியிருக்கின்றார்கள் என்றே கூறத் தோன்றுகின்றது.

மறைவானவற்றின் திறவுகோல்கள் அல்லாஹ்விடமே உள்ளன (6:59) என நம்பும் ஒருவர் இத்தகைய தளங்களைக் கற்பனை செய்யலாமா என்ற ஐயத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. சுவனத்தையும் நரகையும் பயணம் செய்து திரும்பும் இடங்களாக வரைவதும், மலக்குகளுக்குப் புள்ளி வழங்குவதும் எனக்கு உவப்பானவையல்ல. அங்கே நிறுத்திக்கொள்வதே அதப் என்று கருதுகின்றேன். ஆனால், அதற்கு இப்பால் பரந்த வெளி உண்டு. மறுமையைக் களமாகக் கொண்டு அபுல் அலா அல்மஅர்ரி 1033 அளவில் 'ரிஸாலத்துல் குஃப்ரான்' எழுதினார். கண்டனங்கள் எழுந்தன, நூல் இன்றும் வாசிக்கப்படுகின்றது.

தமிழ் முஸ்லிம்களுக்கு இக்கலை வேறொரு வழியில் அறிமுகமானதே. 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிர மசலா', கிடைத்துள்ள முழுமையான தமிழ் இஸ்லாமிய இலக்கியங்களுள் மிகப் பழையதாகக் கொள்ளப்படுகின்றது. அரபியிலும் பாரசீகத்திலும் மலாயிலும் ஜாவாவிலும் உலவிய ஒரு மூலத்தின் தமிழ் வடிவம் அது. மதீனாவின் யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் கேட்கின்றார். நபி (ஸல்) அவர்கள் விடை பகர்கின்றார்கள். வானங்களின் படைப்பு, பூமியின் கீழுள்ளவை, சுவனம், நரகம் என வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழ, ஒவ்வொரு விடையிலும் பிரபஞ்சத்தின் ஒரு பகுதி நம் முன் விரிகின்றது. மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் கேட்க, நடத்துநர் விடை சொல்ல உலகம் வளரும் முறையோடு இதனை ஒப்பிட்டு நோக்கலாம். அங்கே விடை கூறுபவர் தம் விருப்பப்படி புனையும் நடத்துநர் அல்லர் என்பது வெளிப்படை. கேட்பவரிலும் வேறுபாடு உண்டு. இப்னு ஸலாம் பயணம் எதையும் மேற்கொள்வதில்லை. அமர்ந்த இடத்திலிருந்தே ஏழு வானங்களையும் கேட்டு முடிக்கின்றார். விடைகள் முடிவுற்றதும் அவர் கலிமா மொழிந்து இஸ்லாத்தைத் தழுவுகின்றார்.